இளம் வைத்தியரின் தொழில்நெறி: தொடராய்வுகள் உணர்த்தும் உண்மைகள்

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என வள்ளுவர் வகுத்தார். இந்நான்கனுள் மருந்தைச் சில கிழமைகளில் ஆக்கிவிடலாம். பேணுவோரைச் சில ஆண்டுகளிற் பயிற்றிவிடலாம். வைத்தியனை உருவாக்குதலோ நெடுங்காலத்துக்குரிய செயல். பிரித்தானியாவில் ஒரு மாணவன் மருத்துவக் கல்லூரியில் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் கற்கின்றான். பட்டம் பெற்ற பின்னர் இரண்டு ஆண்டுகள் அடிப்படைப் பயிற்சி பெறுகின்றான். அதன்மேற் குடும்ப வைத்தியனாவதற்கு மூன்று ஆண்டுகளும், சத்திரசிகிச்சை நிபுணனாவதற்கு ஏழு எட்டு ஆண்டுகளும் செல்கின்றன. ஆகவே, இன்று கல்லூரி வாயிலுட் புகும் மாணவனை நிபுணனாக நாம் காண்பது ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளின் பின்னரேயாம்.

இதனால் ஒரு சிக்கல் எழுகின்றது. பதினைந்து ஆண்டுகளின் பின் ஒரு நாட்டிற்கு எத்தனை வைத்தியர், எவ்வெத் துறைகளில் வேண்டப்படுவர் என்பதனை இன்றே மதிப்பிட்டாற்றான் இன்று எத்தனை மாணவரைச் சேர்த்தல் வேண்டும் என்று துணியலாம். அம்மதிப்பீடு பிழைத்தால், பிழை வெளிப்படுங் காலத்தில் அதனைத் திருத்தற்கு மீண்டும் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அல்லற்படுவோர் நோயாளரே. இம்மதிப்பீட்டுக்குத் துணைசெய்யும் பொருட்டுத் தோன்றியதே, பயிற்சியிலுள்ள வைத்தியரின் தொழில்நெறியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து அறியும் ஆய்வுமுறை. அது யாது, எவ்வாறு நிகழ்வது, அதனால் அறியப்பட்டவை எவை என்பனவற்றை ஈண்டு நோக்குவாம்.

இவ்வகை ஆய்வு இன்மையால் விளைந்த கேட்டினை முதலில் அறிதல் நன்று. பிரித்தானியாவிலே தேசிய சுகாதார சேவை 1948 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுள், வைத்தியர் தொகை மிகுந்துவிடுமோ என்னும் ஐயம் எழுந்தது. அதனை ஆராய அமைக்கப்பட்ட வில்லிங்க் குழு 1957 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. மருத்துவ மாணவர் தொகையைப் பத்தில் ஒரு பங்களவிற் குறைத்தல் தகும் என்பது அதன் துணிபு. ஆனால் அக்குழு எதிர்பாராத இரண்டு நிகழ்ந்தன. குடித்தொகை அது கருதியதிலும் விரைவாகப் பெருகிற்று. அங்குப் பயின்ற வைத்தியர் பலர் கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குப் புறப்பட்டனர். 1964 ஆம் ஆண்டில் ஏபல்-சிமித், கேல்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் இக்குடிபெயர்வை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். ஆண்டுதோறும் சில நூறு வைத்தியர் நாட்டை விட்டு நீங்குகின்றனர் என்பது அதனால் தெளிவாயிற்று.

1960 களில் வைத்தியர் பற்றாக்குறை வெளிப்படையாயிற்று. வெற்றிடங்களை நிரப்பியோர் யாவர்? இந்தியா, பாக்கிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிற் பயின்று அங்குச் சென்ற வைத்தியரே அவருட் பெரும்பான்மையோர். ஒரு நாட்டின் கணக்குப் பிழை, அதனினும் வறிய நாடுகளின் இழப்பாக முடிந்த வரலாறு இது. பின்னர் டொட் பிரபுவின் தலைமையில் அமைந்த மருத்துவக் கல்வி பற்றிய அரச ஆணைக்குழு, 1968 ஆம் ஆண்டு அறிக்கையில், மாணவர் தொகையைப் பெரிதும் உயர்த்தும்படி விதந்துரைத்தது. அக்காலத்திலே நொட்டிங்ஹாம், சவுதாம்ரன், லெஸ்ரர் ஆகிய நகரங்களிற் புதிய மருத்துவக் கல்லூரிகள் தோன்றின.

டொட் ஆணைக்குழு செய்த மற்றொரு காரியமும் குறிப்பிடத்தக்கது. 1966 ஆம் ஆண்டில் மருத்துவ மாணவரிடையே ஓர் அளவை நிகழ்த்தி, எத்துறையில் அவர்க்கு விருப்பம் உண்டு என அது வினவிற்று. முன்னையோர் தலைகளை எண்ணினர்; இவர்கள் உள்ளங்களையும் அறிய முயன்றனர். எனினும் ஒருமுறை வினவுதல் போதுமா? நாற்றுமேடையைப் பார்த்து விளைச்சலை மதிப்பிடும் கமக்காரன் பல வேளைகளில் ஏமாறுவான். நாற்று நடப்பட்டதும், மழை பெய்ததும், களை மண்டியதும், கதிர் முற்றியதும் ஆகிய ஒவ்வொரு நிலையிலும் அதே வயலைச் சென்று பார்ப்பவனே உண்மை அறிவான். அவ்வாறே, ஒரே ஆண்டிற் பட்டம் பெற்றவர் அனைவரையும் ஒரு குழாமாகக் கொண்டு, அவர்களையே பல ஆண்டுகள் இடைவிட்டு இடைவிட்டு வினவுதல் வேண்டும். இதுவே தொடராய்வு அல்லது குழாம் ஆய்வு எனப்படும்.

இம்முறை பிரித்தானியாவுக்குப் புதியதன்று. 1946 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு கிழமையுட் பிறந்த குழந்தைகளுள் 5,362 பேரைத் தெரிந்து, அவர்தம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்துவரும் ஆய்வு ஒன்று அங்கு நிகழ்கின்றது. 1951 ஆம் ஆண்டில் றிச்சட் டோல், பிராட்போட் ஹில் என்னும் அறிஞர் இருவர், புகைத்தற் பழக்கம் பற்றிப் பிரித்தானிய வைத்தியர்க்கு வினாக்கொத்து அனுப்பினர்; அதற்கு 40,000 பேருக்கு மேல் விடையிறுத்தனர். அவர்களுள் ஆடவரை 2001 ஆம் ஆண்டு வரை பின்தொடர்ந்து, புகையிலை விளைக்கும் கேட்டினை அவ்வாய்வு ஐயத்திற்கிடமின்றி நிறுவிற்று. வைத்தியரைப் பின்தொடர்தல் பிறரைப் பின்தொடர்தலினும் எளிது. ஏனெனில், 1858 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட மருத்துவப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயரும் இடம்பெறுகின்றது. இவ்வசதியே நாம் கூறவந்த ஆய்வுக்கும் அடிப்படையாயிற்று.

வைத்தியரின் தொழில்நெறி பற்றிய தொடராய்வை அந்நாட்டில் விரிவாகத் தொடங்கியவர் பேராசிரியர் ஜேம்ஸ் பார்க்ஹவுஸ் என்பவர். அவர் மயக்கமருந்துத் துறை நிபுணர். 1974 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகளிற் பட்டம் பெற்றவர் அனைவரும் அவர்தம் முதற் குழாமாக அமைந்தனர். தொடர்ந்து 1977, 1980, 1983 ஆம் ஆண்டுகளிற் பட்டம் பெற்றவர்கள் சேர்க்கப்பட்டனர். பின்னர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் நிலைபெற்ற இவ்வாய்வுக் குழுவுக்குப் பேராசிரியர் மைக்கல் கோல்டேக்கர் தலைமை பூண்டார். அவர் காலத்தில் 1993, 1996 முதலிய ஆண்டுகளிலும், 2000 ஆம் ஆண்டின் பின்னரும் பட்டம் பெற்ற பல குழாங்கள் தொடர்ந்து ஆராயப்பட்டன.

ஆய்வு நிகழும் முறை எளியது. பட்டம் பெற்று ஓராண்டு கழிந்ததும் ஒவ்வொருவர்க்கும் வினாக்கொத்து ஒன்று அஞ்சலில் அனுப்பப்படும். விடை வாராவிடின் நினைவூட்டுக் கடிதங்கள் செல்லும். பின்னர் மூன்றாம் ஆண்டிலும், ஐந்தாம் ஆண்டிலும், அதன்மேல் நெடிய இடைவெளிகளிலும் அவர்களே மீண்டும் வினவப்படுவர். உமது முதல் விருப்பத்துறை யாது, இரண்டாவது யாது, மூன்றாவது யாது? அவ்விருப்பம் உறுதியானதா, ஐயத்துக்குரியதா? உம்மை அத்துறைக்கு ஈர்த்தவை எவை: ஆசிரியரின் முன்மாதிரியா, வேலைநேரமா, குடும்பச் சூழலா, பதவி பெறும் வாய்ப்பா? தாய்நாட்டிற் பணிபுரிய எண்ணுகின்றீரா, பிறநாடு செல்ல எண்ணுகின்றீரா? இன்னவை வினாக்கள். பிற்பட்ட ஆண்டுகளில், உண்மையில் எப்பதவியில் இருக்கின்றார் என்பதும் கேட்கப்படும். இவ்வாறு ஒருவர் முன்பு சொன்னதையும் பின்பு செய்ததையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு ஆய்வாளர்க்குக் கிட்டுகின்றது. ஒருமுறை மாத்திரம் நிகழும் அளவை இவ்வாய்ப்பைத் தரவல்லதன்று.

இனி, இவ்வாய்வு வெளிப்படுத்திய உண்மைகளுட் சிலவற்றை எடுத்துரைப்பாம்.

முதலாவது, இளமை விருப்பம் எத்துணை நிலையானது என்பது. பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்தபின் வைத்தியர் எத்துறையில் இருந்தனர் என்பதனை அவர்தம் முன்னைய விருப்பங்களோடு ஒப்பிட்டு 2010 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. முதலாம் ஆண்டிற் கூறிய துறையிலேயே பத்தாம் ஆண்டிலும் இருந்தோர் நூற்றுக்கு 54 பேர் அளவினரே. மூன்றாம் ஆண்டிற் கூறிய விருப்பத்தோடு பொருந்தியோர் நூற்றுக்கு 70 பேர். ஐந்தாம் ஆண்டிற் கூறியதோடு பொருந்தியோர் நூற்றுக்கு 83 பேர். ஆகவே, பட்டம் பெற்று ஓராண்டான வைத்தியருட் பாதிப்பேரளவினர் தாம் இறுதியிற் சேரப்போகும் துறையை அப்பொழுது அறிந்திலர். காலம் செல்லச்செல்ல உள்ளம் தெளிவடைகின்றது. தெரிவை மாற்றியோர் உறுதியற்றவர் என்று கருதுதல் தவறு. ஒரு துறையிற் சில மாதங்கள் உழைத்துப் பார்த்த பின்னரே அதன் இயல்பும் தன் இயல்பும் ஒருவர்க்குப் புலனாகின்றன.

இவ்வுண்மை வெறுங் கல்வியறிவு அன்று. ஆயிரக்கணக்கானோரின் வாழ்வைத் தொடும் செய்தி. 2005 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு வைத்தியர் பயிற்சியைச் சீர்திருத்தத் தொடங்கிற்று. அடிப்படைப் பயிற்சி இரண்டாண்டு. அது முடிந்தவுடன் ஒரு துறையைத் தெரிந்து, நிபுணராகும் வரை அதே பாதையிற் செல்லுதல் என்பது அச்சீர்திருத்தத்தின் போக்கு. 2007 ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்ப முறை கணினி வாயிலாகப் புகுத்தப்பட்டது. விண்ணப்பித்தோர் தொகை இடங்களின் தொகையை மிக விஞ்சிற்று, முறையும் சீர்குலைந்தது. தகுதி வாய்ந்த பலர் நேர்முகத் தேர்வுக்குத்தானும் அழைக்கப்படாமற் போயினர். இளம் வைத்தியர் இலண்டன் வீதிகளில் அணிவகுத்துச் சென்று தம் மனக்குறையைப் புலப்படுத்தினர். அதன்பின் சேர் ஜோன் றூக் தலைமையில் நிகழ்ந்த விசாரணை, 2008 ஆம் ஆண்டு அறிக்கையில், பயிற்சிப் பாதையில் நெகிழ்ச்சி வேண்டும் என வற்புறுத்திற்று. பாதிப்பேர் தம் உள்ளத்தை இன்னும் அறியாத பருவத்தில், மீளவியலாத தெரிவொன்றை அனைவர்மேலும் சுமத்துதல் தகாது என்பதனைத் தொடராய்வின் எண்களும் காட்டிநின்றன.

இரண்டாவது, குடும்ப வைத்தியம் பற்றியது. தேசிய சுகாதார சேவையின் வாயில் குடும்ப வைத்தியரே. நோயாளி முதலில் நாடுவது அவரையே. 1983 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றவருள் நூற்றுக்கு 45 பேர் அளவினர் குடும்ப வைத்தியத்தையே முதல் விருப்பமாகக் கூறினர். 1993 ஆம் ஆண்டுக் குழாத்தில் இத்தொகை நூற்றுக்கு 26 ஆகத் தாழ்ந்தது. 1996 ஆம் ஆண்டுக் குழாத்தில் நூற்றுக்கு 20 அளவாயிற்று. மருத்துவமனைக் கட்டடங்களில் இத்தாழ்வு எவர் கண்ணுக்கும் தோன்றியிராது. ஏனெனில், முன்னைய குழாங்களைச் சேர்ந்த வைத்தியர் அப்பொழுதும் தம் இடங்களில் இருந்தனர். அவர் ஓய்வுபெறுங் காலத்திலேதான் வெறுமை புலனாகும். வருவதைப் பல ஆண்டுகள் முன்கூட்டியே அறிவித்தது இவ்வினாக்கொத்து. பிற்காலத்தில் அரசு, பயிற்சி பெறுவோருட் பாதிப்பேரைக் குடும்ப வைத்தியத்துக்கு ஈர்த்தல் வேண்டும் என இலக்கு வகுத்தது. இளைஞரின் முதல் விருப்பமோ மூன்றில் ஒரு பங்கையும் எட்டாது நின்றது. நாட்டின் தேவையும் இளைஞரின் நாட்டமும் தாமாகவே ஒத்துப்போகும் என நம்பியிருத்தல் பேதைமை என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, பெண் வைத்தியர் பற்றியது. 1960 களில் பிரித்தானிய மருத்துவ மாணவருள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே பெண்கள். 1990 களிலிருந்து புதிதாகச் சேர்வோரிற் பாதியளவினரும், பின்னர் அதனினும் மிகுந்தோரும் பெண்களாயினர். சத்திரசிகிச்சையைப் பெண்கள் ஆண்களினும் குறைவாகவும், குடும்ப வைத்தியத்தை மிகுதியாகவும் தெரிந்தனர் என்பது குழாந்தோறும் காணப்பட்டது. உயர்பதவிகளிற் பெண்கள் குறைவாக இருத்தலின் காரணம் யாது என்னும் வினாவுக்கும் இவ்வாய்வு ஒளி தந்தது. 2009 ஆம் ஆண்டில் வெளியான முடிபின்படி, இடையறாது முழுநேரமும் பணியாற்றிய பெண்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு நிகராகவே உயர்ந்தனர். பகுதிநேரப் பணியை மேற்கொண்டோரே பின்தங்கினர். எனவே, மகவு பேணும் பருவத்திலும் பயிற்சியைத் தொடர வழிசெய்தால் நாட்டுக்குப் பல நிபுணர் கிடைப்பர். பெண்களைக் குறைகூறுவோர் நோக்கத்தக்க எண்கள் இவை.

நான்காவது, நாட்டை அல்லது தொழிலை விட்டு நீங்குதல். இளம் வைத்தியர் கூட்டங்கூட்டமாக வெளியேறுகின்றனர் என்னும் கூக்குரல் பத்திரிகைகளில் அடிக்கடி எழுவதுண்டு. பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அமைதியான விடையைத் தந்தது. பிரித்தானியாவைத் தாயகமாகக் கொண்டு அங்கேயே பட்டம் பெற்றவருள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் பதினைந்து ஆண்டுகளின் பின்னரும் தேசிய சுகாதார சேவையிலேயே பணியாற்றினர். வெளிநாடு சென்றோர் பலர் மீண்டனர். போக எண்ணியோர் பலர் போகவேயில்லை. எண்ணம் வேறு, செயல் வேறு.

இவ்வேறுபாட்டை விளக்க மற்றோர் உதாரணமும் உண்டு. அடிப்படைப் பயிற்சி முடிப்போர் அடுத்து எங்குச் செல்கின்றனர் என ஆண்டுதோறும் வினவும் அளவை ஒன்று அந்நாட்டில் நிகழ்ந்து வந்தது. 2011 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 71 பேர் இடைவெளியின்றி நிபுணத்துவப் பயிற்சியிற் புகுந்தனர். 2019 ஆம் ஆண்டில் இவ்வாறு புகுந்தோர் நூற்றுக்கு 35 பேரே. இவ்விரு எண்களை மாத்திரம் பார்ப்பவன், வைத்தியத் தொழிலுக்கு அழிவு வந்ததென்று அஞ்சுவான். அவர்களையே மேலும் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, பெரும்பாலோர் ஓராண்டு ஈராண்டு இளைப்பாறியோ, தற்காலிகப் பதவிகளிற் பணியாற்றியோ, பிறநாடு சென்றோ, பின்னர்ப் பயிற்சிக்கு மீண்டமை தெரியவந்தது. ஓடும் ஆற்றின் ஒரு கணத் தோற்றத்தை நிழற்படம் காட்டும். ஆறு எங்கே செல்கின்றது என்பதனை அது காட்டாது. எனினும், இத்துணைப் பேர் பயிற்சிக்கிடையில் இளைப்பாற விழைதல், அப்பயிற்சி அவர்களை எவ்வளவு களைப்படையச் செய்கின்றது என்பதற்குச் சான்றாகும். அதனைப் புறக்கணித்தலும் ஆகாது.

இவ்வாய்வு முறைக்குக் குறைகளும் உள. முதற் குறை, விடையிறாதார் தொகை. முன்னைய குழாங்களில் நான்கில் மூன்று பங்கினரளவில் விடை அனுப்பினர். அண்மைக்காலக் குழாங்களில் இது பாதியளவிற்குத் தாழ்ந்தது. விடை அனுப்பாதோர் உள்ளம் விடை அனுப்பியோர் உள்ளத்தை ஒத்ததா என்பது ஐயத்துக்குரியது. மனமுடைந்தோரே பெரிதும் வாளாவிருப்பராயின் முடிபு பிறழும். இரண்டாவது குறை, கால தாமதம். பத்தாண்டு கழித்துத் தெரியும் உண்மை, பயிற்சி முறையே மாறிவிட்ட காலத்தில் வந்து சேர்கின்றது. மூன்றாவது குறை நம்மைப் பொறுத்தவரை முதன்மையானது. பிரித்தானியக் கல்லூரிகளிற் பட்டம் பெற்றோரை மாத்திரமே இக்குழாங்கள் உள்ளடக்கின. பிறநாடுகளிற் பயின்று அங்குச் சென்று, இரவு பகலாக உழைத்து, அச்சேவையைத் தாங்கிநிற்கும் பல்லாயிரவர் இவ்வெண்களுட் சேரார். அவர்தம் விருப்பம் யாது, எத்துறையை விரும்பி எத்துறையிற் சேர நேர்ந்தது என்பனவற்றை இவ்வினாக்கொத்துகள் கேட்டில.

இவ்விடத்திலே நம் நாட்டைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகும். கொழும்பில் 1870 ஆம் ஆண்டிலும், பேராதனையில் 1962 ஆம் ஆண்டிலும், யாழ்ப்பாணத்தில் 1978 ஆம் ஆண்டிலும் அரச மருத்துவக் கல்வி தொடங்கிற்று. பின்னர் வேறு பல பல்கலைக்கழகங்களும் அப்பணியை மேற்கொண்டன. இலவசக் கல்வியின் பயனாகப் பொதுமக்கள் பணத்தில் உருவாகும் வைத்தியர் இவர். நிபுணத்துவம் பெற விழைவோர் தம் பயிற்சியின் ஒரு பகுதியை வெளிநாட்டிற் பெறுதல் வழக்கம். அவருட் பலர் செல்லும் நாடு பிரித்தானியா. மீள்வோரும் உளர், மீளாதோரும் உளர். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் நாட்டை நீங்கிய வைத்தியர் பலர் என்பதனை யாவரும் அறிவர். நீங்கியோரைப் பழித்தலால் ஒரு வெற்றிடமும் நிரம்பாது. அவர் ஏன் நீங்கினர், எந்நிலையில் அவ்வெண்ணம் தோன்றிற்று, எது கிடைத்திருப்பின் தங்கியிருப்பர் என்று முறையாக வினவி அறிதலே பயனுடையது. உள்ளகப் பயிற்சி முடிக்கும் ஒவ்வொருவரையும் அப்பொழுதே வினவி, மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் மீண்டும் வினவும் முயற்சிக்கு வேண்டுவன பெருஞ்செல்வம் அல்ல. பொறுமையும் ஒழுங்கும் நேர்மையுமே. கிராமத்து வைத்தியசாலையிற் பணியாற்ற விரும்பியவன் அதனைக் கைவிட்ட நாள் எது என்பதனை அறிந்தாற்றான், அவனை அங்கே நிறுத்தும் வழியையும் அறியலாம்.

வைத்தியராக வேண்டும் என்னும் அவாவுடன் உயிரியற் பிரிவிற் கற்கும் மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்கட்கும் இவ்வெண்கள் ஒரு செய்தி சொல்லுகின்றன. எத்துறையில் நிபுணராவீர் என உற்றார் இன்றே வினவினால், விடை தெரியாமைக்கு நாணவேண்டுவதில்லை. பட்டம் பெற்றவருள்ளேயே பாதிப்பேர்க்கு அது தெரியவில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஒரு வினாக்கொத்து உங்கள் கைக்கு வருமாயின், அதனைக் குப்பையில் எறியாது உண்மையை எழுதி அனுப்புதல் கடமை. ஒருவர் எழுதும் விடை சிறிதெனினும், அத்தகைய ஆயிரம் விடைகள் சேர்ந்தே, இன்னும் பிறவாத நோயாளி ஒருவனுக்கு உரிய காலத்தில் உரிய வைத்தியன் கிடைப்பானா என்பதனைத் தீர்மானிக்கின்றன.